வரிசையில் நிற்கும் வருங்கால நர்ஸ்கள்

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள் நடத்தும் இரண்டாண்டு நர்ஸிங் படிப்பு எளிய குடும்பத்துப் பெண்கள் பலரைக் கைதூக்கிவிட்டது. இன்று அதில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. படித்து முடித்த பிறகும் பெரிய மருத்துவமனைகளின் கதவு எளிதில் திறப்பதில்லை.

அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் படுத்திருக்கும் நோயாளிக்குத் தன் கையில் ஊசி ஏற்றும் நர்ஸ் எத்தனை வருடம் படித்தவர் என்பது தெரியாது. பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு படித்து இளநிலைப் பட்டம் வாங்கியவரும், ஊர்க்கோடியில் இருக்கும் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டுப் படிப்பை முடித்தவரும் அணிவது ஒரே சீருடை. எழுதிய உரிமத் தேர்வும் ஒன்றே. சட்டையில் தொங்கும் அடையாள அட்டையிலும் அதே இரண்டு எழுத்துகள்தான்: ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ்.

வித்தியாசம் வேலைக்கு மனுப்போடும்போது தெரியவருகிறது. பெருநகர மருத்துவமனைகளின் விளம்பரங்களில் இளநிலைப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்ற வரி வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் புதிதாக உரிமத் தேர்வு எழுதும் உள்நாட்டு நர்ஸ்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டாண்டுப் படிப்பிலிருந்து வருகிறவர்கள். அத்தனை பேரையும் அந்த ஒரு வரி கலக்கத்தில் ஆழ்த்தியிருக்கிறது.

கம்யூனிட்டி காலேஜ் என்று அமெரிக்கர்கள் அழைக்கும் சமுதாயக் கல்லூரி பாதி பாலிடெக்னிக், பாதி கலைக் கல்லூரி. மாலை நேரக் கல்லூரியின் சாயலும் கொஞ்சம் உண்டு. 1901-ல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரியே இந்த வகையில் முதல் பொதுக் கல்லூரி. இன்று நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. பள்ளிப் படிப்பை முடித்த யாரும் சேரலாம். கார் மெக்கானிக் வேலையும் கற்றுக்கொள்ளலாம், கால்குலஸும் படிக்கலாம். மாணவர்களின் சராசரி வயது இருபதுகளின் பிற்பகுதி. வகுப்பில் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் இரண்டு குழந்தைகளின் தாய் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில், தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலை இழந்த நாற்பது வயதுக்காரர்.

கட்டணமும் குறைவு. காலேஜ் போர்டு அமைப்பின் கணக்குப்படி 2024-25 கல்வியாண்டில் உள்ளூர் மாணவர்களுக்குச் சமுதாயக் கல்லூரிகளின் சராசரிக் கட்டணம் 4,050 டாலர், நம் கணக்கில் மூன்றரை லட்சம் ரூபாய். மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இதுவே 11,610 டாலர். தனியார் பல்கலைக்கழகம் என்றால் 43,350. ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு வழங்கும் பெல் உதவித்தொகையின் உச்சவரம்பு 7,395 டாலர் என்பதால், சமுதாயக் கல்லூரியில் கட்டணம் போகப் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் கொஞ்சம் மிஞ்சும். படிப்பை முடித்து வேலைக்குப் போனால்? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2024 மே மாதத்துக்குத் தரும் கணக்கின்படி, பதிவு பெற்ற நர்ஸின் இடைநிலை ஆண்டு ஊதியம் 93,600 டாலர். உணவகத்தில் தட்டு ஏந்தும் பெண்ணுக்கு, கடன் அதிகம் வாங்காமல் இந்த ஊதியத்தை எட்டித்தரும் வேறு படிப்பு அந்த நாட்டில் சுலபத்தில் கிடைக்காது.

இப்படி ஓர் ஏற்பாடு உருவானதே ஒரு விசித்திரமான கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ்களுக்குக் கடும் பற்றாக்குறை. அதுவரை பெரும்பாலான நர்ஸ்கள் மருத்துவமனைகளே நடத்திய மூன்றாண்டுப் பயிற்சிப் பள்ளிகளில் உருவானவர்கள். பயிற்சி என்று பெயர். உண்மையில் மருத்துவமனைக்குக் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்த உழைப்பு. நர்ஸிங் கல்வி மருத்துவமனையைவிட்டு உயர்கல்வி நிறுவனங்களுக்குள் வர வேண்டும் என்று 1948-ல் எஸ்தர் லூசில் பிரவுன் தன் அறிக்கையில் வற்புறுத்தினார். மூன்று ஆண்டுகள் கழித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த மில்ட்ரட் மான்டாக் ஒரு யோசனையை முன்வைத்தார். நர்ஸிங் வேலை முழுவதையும் ஒரே வகை ஆட்கள் செய்யத் தேவையில்லை, உதவியாளருக்கு மேலும் முழுப் பட்டதாரி நர்ஸுக்குக் கீழும் ஒரு தொழில்நுட்ப நர்ஸ் போதும், அவரை இரண்டே ஆண்டில் தயாரித்துவிடலாம் என்பதே அது.

1952-ல் ஏழு கல்லூரிகளிலும் ஒரு மருத்துவமனையிலும் சோதனை தொடங்கியது. பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் பணம் கொடுத்தார். மாணவி கல்லூரியின் மாணவியாகவே இருப்பாள், வார்டின் வேலைக்காரியாக அல்ல. மருத்துவமனைக்குப் போனாலும் உடன் கல்லூரி ஆசிரியை இருப்பார். அன்றைக்கு இது பெரிய மாற்றம். திட்டம் வெற்றி பெற்றது, சொல்லப்போனால் மான்டாக் எண்ணியதற்கு மேலேயே. அவர் கற்பனை செய்த தொழில்நுட்ப நர்ஸ், மேலே ஒரு பட்டதாரியின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டியவர். ஆனால் படிப்பை முடித்தவர்கள் மற்றவர்கள் எழுதிய அதே உரிமத் தேர்வை எழுதினார்கள், தேறினார்கள், அதே பதவியில் உட்கார்ந்தார்கள். அரை நர்ஸுக்காகப் போடப்பட்ட ஏணியில் முழு நர்ஸ்கள் ஏறி வந்துவிட்டார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் சமுதாயக் கல்லூரிகள் ஊருக்கு ஊர் முளைக்க, மருத்துவமனைப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

யாரும் சேரலாம் என்ற சமுதாயக் கல்லூரியின் விதி நர்ஸிங் துறையின் வாசலோடு நின்றுவிடுகிறது. கல்லூரிக்குள் வருவது எளிது. நர்ஸிங்குக்குள் போவதுதான் கடினம்.

இரண்டாண்டுப் படிப்பு என்ற பெயரே பாதி உண்மைதான். அதற்கு மனுப்போடுவதற்கு முன்பே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல், ஆங்கிலம், கணிதம் என்று ஒரு வரிசைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். பகலில் வேலை பார்த்து மாலையில் படிப்பவருக்கு இதற்கே இரண்டு வருடம் போய்விடும். எலும்பும் தசையும் நரம்பும் மனப்பாடமாக வேண்டிய உடற்கூறியல் வகுப்பில் பலர் கழன்றுகொள்கிறார்கள். மதிப்பெண் குறைந்தால் திரும்ப எழுதலாம், ஆனால் எத்தனை முறை என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. பழைய மதிப்பெண்ணும் எப்போதும் செல்லாது. ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்கு முன் படித்த அறிவியல் பாடம் காலாவதி என்று பல கல்லூரிகள் சொல்லிவிடும். குழந்தை பிறந்து இடையில் நிறுத்தியவர் மறுபடியும் தவளையிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிறகு நுழைவுத் தேர்வு. பிறகு காத்திருப்பு. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்று நீண்ட பட்டியல் வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. தகுதியுள்ள எல்லோர் பெயரையும் போட்டுக் குலுக்கல் நடத்துபவையும் உண்டு. இரண்டு மூன்று வருடம் காத்திருந்தவர்களின் கதை கலிஃபோர்னியாவில் சர்வ சாதாரணம். அங்கே பல கல்லூரிகள் புள்ளி முறைக்கு மாறியிருக்கின்றன. மதிப்பெண்ணோடு, மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்த அனுபவம், குடும்பச் சூழ்நிலை, ஆங்கிலம் தவிர வேறொரு மொழி பேசத் தெரிந்திருப்பது ஆகியவற்றுக்கும் புள்ளி உண்டு. ஸ்பானிஷ் பேசும் நோயாளியின் வலியை மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்காமல் புரிந்துகொள்ளும் நர்ஸுக்கு அங்கே மதிப்பு அதிகம் என்பதால் இது நியாயமான ஏற்பாடே. ஒரு குலுக்கல் சீட்டைவிட நிச்சயம் நியாயமானது.

இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்திலேயே மருந்தளவுக் கணக்குப் பரீட்சை வந்துவிடும். இத்தனை கிலோ எடையுள்ள குழந்தைக்கு, இத்தனை மில்லிகிராம் வீதம், இத்தனை அடர்த்தியுள்ள மருந்தில் எத்தனை மில்லிலிட்டர்? பள்ளி மாணவன் போடும் கணக்குதான். ஆனால் 35 மதிப்பெண் இங்கே தேர்ச்சியல்ல. 90 வேண்டும். சில கல்லூரிகளில் 100 வேண்டும். புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்கு ஆகிவிடும் என்பதை யோசித்தால் இந்தக் கண்டிப்பு புரியும். மற்றப் பாடங்களிலும் 75-க்குக் கீழே போனால் தோல்வி என்பதே பொதுவான விதி. இரண்டு முறை தோற்றால் பெரும்பாலான கல்லூரிகளில் வெளியே போக வேண்டியதுதான்.

பயிற்சிக் கூடத்தில் படுத்திருப்பது ரப்பர் பொம்மை. அதற்குச் சிறுநீர்க் குழாய் பொருத்திக் காட்ட வேண்டும். கிருமிநீக்கம் செய்த கையுறை தவறிப்போய்ப் படுக்கை விரிப்பில் பட்டுவிட்டால் ஆசிரியை எதுவும் சொல்ல மாட்டார், குறித்துக்கொள்வார். மாணவி தானே கவனித்து, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் தப்பித்தாள். வார்டு வேலை விடியற்காலையில் தொடங்கும். தனக்கு ஒதுக்கப்பட்ட நோயாளி சாப்பிடும் ஒவ்வொரு மருந்தும் எதற்கு, அதன் பக்க விளைவு என்ன, எந்த இரண்டு மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்று முந்தின இரவே எழுதி வைத்திருக்க வேண்டும். நள்ளிரவு தாண்டும். பொழுது புலர்வதற்குள் குழந்தையை யார் வீட்டில் விடுவது என்ற கேள்விக்குப் பாடத்திட்டத்தில் விடை இல்லை. படிப்பு வராமல் விலகுகிறவர்களுக்குச் சமமாக, கார் பழுதாகி விலகுகிறவர்களைப் பற்றியும் இந்தக் கல்லூரிகளின் ஆசிரியைகள் கவலைப்பட வேண்டியிருக்கிறது. கட்டணக் கணக்கில் சேராத செலவுகள் வேறு: சீருடை, ஸ்டெதாஸ்கோப், தடுப்பூசிகள், போலீஸ் சான்று, போதைமருந்துப் பரிசோதனை, காப்பீடு, தேர்வுப் பயிற்சிக்கான மென்பொருள்.

கடைசியாக என்கிளெக்ஸ் எனப்படும் உரிமத் தேர்வு. 1994 முதல் கம்ப்யூட்டரில் நடக்கிறது. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். ஆள் தேறுவாரா மாட்டாரா என்று கம்ப்யூட்டருக்கு உறுதியானதும் திரை அணைந்துவிடும். இப்போதுள்ள முறையில் 85-வது கேள்வியிலும் அது நிற்கலாம், 150 வரையும் போகலாம். 85-ல் திரை அணைந்த பெண்ணுக்கு அன்றிரவு தூக்கம் வராது. ஒன்று அமோகமாகத் தேறியிருப்பார் அல்லது படுமோசமாகத் தோற்றிருப்பார், இரண்டில் எது என்று தெரியாது. கேள்விகளின் குணமும் தனி. ஒருவருக்கு நெஞ்சு வலி, ஒருவருக்கு அறுவைக்குப் பிந்தைய காய்ச்சல், ஒருவருக்குச் சர்க்கரை இறங்கி வியர்க்கிறது, இன்னொருவர் வீட்டுக்குப் போக அவசரப்படுகிறார். முதலில் யாரிடம் போவாய்? நால்வரிடமும் போகத்தான் வேண்டும். யார் முதலில் என்பதே கேள்வி. இந்தத் தேர்வில் முதல் முறையே தேறுகிறவர்களின் சதவீதத்தில் நான்காண்டுப் பட்டதாரிகள் சற்றே முந்துகிறார்கள். இடைவெளி மிகச் சிறியது.

அப்படியானால் மருத்துவமனைகள் ஏன் தரம் பிரிக்கின்றன? சர்ச்சை பழையது. தொழில்முறை நர்ஸுக்குக் குறைந்தபட்சத் தகுதி இளநிலைப் பட்டம் என்று அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் 1965-லேயே அறிவித்துவிட்டது. வடக்கு டகோட்டா மாநிலம் மட்டும் 1987-ல் அதை விதியாக்கிப் பார்த்து, 2003-ல் கைவிட்டது. அதே 2003-ல்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியை லிண்டா எய்க்கனின் ஆய்வு வெளிவந்தது. அந்த மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றிய ஆய்வு. பட்டதாரி நர்ஸ்களின் பங்கு பத்து சதவீதம் கூடும் இடத்தில் மரண வாய்ப்பு ஐந்து சதவீதம் குறைகிறது என்றது. 2010-ல் மருத்துவக் கழகம் என்ற தேசிய ஆலோசனை அமைப்பு, 2020-க்குள் நர்ஸ்களில் 80 சதவீதத்தினர் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மேக்னெட் என்ற கௌரவ முத்திரைக்கு ஆசைப்படும் மருத்துவமனைகள் பட்டதாரிகளைத் தேடத் தொடங்கின.

ஒன்றை மட்டும் அவை வசதியாக மறந்துவிட்டன. அதே எய்க்கன் அதற்கு முந்தின வருடம் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும் மரண வாய்ப்பு ஏழு சதவீதம் ஏறுகிறது என்று சொல்லியிருந்தார். நர்ஸ்கள் அதிகம் படிக்க வேண்டும் என்ற முடிவை வரவேற்ற நிர்வாகங்கள், நர்ஸ்கள் அதிகம் வேண்டும் என்ற முடிவுக்கு அந்த அளவு உற்சாகம் காட்டவில்லை. ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று வரையறுக்கும் சட்டத்தை கலிஃபோர்னியா 2004-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2018-ல் மாசசூசெட்ஸில் அதே போன்ற யோசனை வாக்கெடுப்பில் தோற்றது. படிப்புக்கான செலவு நர்ஸின் பையிலிருந்து போகிறது, கூடுதல் ஆட்களுக்கான செலவு மருத்துவமனையின் பையிலிருந்து போகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

சமரச வழி ஒன்றும் உண்டு. இரண்டாண்டுப் படிப்போடு வேலையில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே ஒன்றிரண்டு ஆண்டுகளில் பட்டத்தை முடிக்கலாம். செலவில் ஒரு பகுதியை ஏற்கும் மருத்துவமனைகளும் உள்ளன. நியூயார்க் இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2017 டிசம்பரில் கையெழுத்தான அந்தச் சட்டப்படி, புதிய நர்ஸ்கள் பத்து ஆண்டுக்குள் பட்டம் பெற வேண்டும். வாசலை மூடாமல் படியை மட்டும் உயர்த்திய இந்த ஏற்பாடு, வடக்கு டகோட்டாவின் முரட்டு வைத்தியத்தைவிட மேல். ஃப்ளோரிடாவில் சமுதாயக் கல்லூரிகளே நான்காண்டுப் பட்டம் வழங்க 2001-லிருந்து வழியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் அதைச் சோதனையாகச் செய்து பார்க்கும் மசோதாக்களை சட்டசபை நிறைவேற்றியும், கவர்னர் கேவின் நியூசம் 2024 செப்டம்பரில் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

வாசல் குறுகும் இடத்தில் சந்துவழி திறக்கும். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மத்தியப் புலனாய்வாளர்கள் ஆபரேஷன் நைட்டிங்கேல் என்ற பெயரில் ஒரு மோசடியை அம்பலப்படுத்தினார்கள். அங்கே மூன்று தனியார் நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. விலை பத்தாயிரம் டாலரும் அதற்கு மேலும். வாங்கியவர்களில் ஏறத்தாழ 2,400 பேர் என்கிளெக்ஸில் தேறியும்விட்டார்கள் என்பதுதான் அதிர்ச்சி. வார்டில் நின்று கற்க வேண்டியதைக் கற்காமலே தேர்வில் தேற முடியும் என்றால், தேர்வு எதை அளக்கிறது என்ற கேள்வி எழாமல் இல்லை. இதில் சமுதாயக் கல்லூரிகளுக்குப் பங்கில்லை. ஆனால் வருடக்கணக்கில் காத்திருந்து, உடற்கூறியலை இரண்டு முறை எழுதி, குழந்தையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டுப் படித்த பெண்ணுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இந்தியாவில் நர்ஸிங் பட்டப்படிப்பு 1946-ல் டெல்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கியது. ஆனாலும் நம் மருத்துவமனைகளை நீண்ட காலம் தாங்கி வந்தவர்கள் ஜி.என்.எம். டிப்ளமோ முடித்தவர்களே. டிப்ளமோவா, பட்டமா என்ற வழக்கு இங்கும் உண்டு. கேரளத்திலிருந்து நியூயார்க்குக்கும் டெக்ஸாஸுக்கும் போன நர்ஸ்களில் பலர் அந்த டிப்ளமோவோடு போய் உரிமத் தேர்வில் தேறியவர்கள்தான். சமுதாயக் கல்லூரி என்ற யோசனையும் இங்கே வந்திருக்கிறது: 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகத்திலும், அடுத்த ஆண்டு சென்னையிலும் தொடங்கின. பள்ளியை முடிக்காத இளைஞர்களுக்கும் இடம் கொடுத்தது அவற்றின் பெருமை. ஆனால் அங்கே சுகாதார உதவியாளர் பயிற்சி பெற்ற பெண், எத்தனை வருட அனுபவம் சேர்த்தாலும் நர்ஸிங் கவுன்சிலில் பெயரைப் பதிய முடியாது. அமெரிக்காவில் உதவியாளராகத் தொடங்கியவர் அதே ஊர்க் கல்லூரி வழியாகப் படிப்படியாக ஆர்.என். ஆகலாம். பெயர் ஒன்றாக இருந்தும், நம் கல்லூரியில் அந்த ஏணி இல்லை.

ஏணி இருக்கும் இடத்தில் தட்டுப்பாடு ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாததுதான். நர்ஸ் போதவில்லை என்று நாடே புலம்பும்போது கல்லூரிகள் இடங்களைக் கூட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். வார்டுக்கு அழைத்துப் போகும் ஓர் ஆசிரியையின் பொறுப்பில் பத்து மாணவர்களுக்கு மேல் விடுவது வழக்கமில்லை. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட வேலை. ஆக, இன்னும் பத்துப் பேரைச் சேர்க்க இன்னும் ஓர் ஆசிரியை வேண்டும், அத்தனை பேரையும் அனுமதிக்க ஒரு மருத்துவமனையும் வேண்டும். பல்கலைக்கழக நர்ஸிங் துறைகளின் நிலைமையும் இதுதான். 2023-ல் அவை தகுதியிருந்தும் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்கள் 65,766 என்கிறது அமெரிக்க நர்ஸிங் கல்லூரிகள் சங்கம். ஆசிரியை ஆக முதுநிலைப் பட்டம் வேண்டும். அந்தப் பட்டத்தோடு மருத்துவமனைக்கே போனால் சம்பளம் அதிகம். கலிஃபோர்னியா போன்ற இடங்களில், மே மாதம் படிப்பை முடித்த மாணவி இலையுதிர் காலத்தில் வாங்கும் முதல் சம்பளம், அவளுக்குக் கையுறை மாட்டக் கற்றுக்கொடுத்த ஆசிரியையின் சம்பளத்தைத் தாண்டிவிடுவதும் உண்டு.